சந்தன மரத்தின் எழுபதாண்டு வழக்கு

திருத்தணி மலைமேல் எழுந்தருளியிருக்கும் முருகப்பெருமானுக்குச் சாத்தப்படும் சந்தனம் சாதாரணச் சந்தனமன்று என்பது தலமரபு. தெய்வயானையை மணமுடித்துக் கொடுத்தபோது இந்திரன் ஐராவதத்தோடு ஒரு சந்தனக் கல்லையும் சீதனமாக அளித்தானாம். அக்கல்லில் அரைத்த சந்தனத்தைத்தான் இறைவன் திருமேனிக்குச் சாத்துகிறார்கள் என்றும், அதைச் சிறிதளவு நீரில் கரைத்து அருந்தினால் பிணி நீங்கும் என்றும் இப்பகுதி மக்கள் நம்பி வருகிறார்கள். பள்ளிப்பட்டு வட்டாரத்தில் வாழும் நமக்கெல்லாம் இது பிள்ளைப் பருவம் முதலே காதில் விழுந்த செய்தி.

மனிதரின் பிணி தீர்ப்பதாக நாம் நம்பும் அந்தச் சந்தனத்திற்கே ஒரு பிணி வந்தது. அதன் காரணத்தைக் கண்டறிய எழுபது ஆண்டுகள் பிடித்தன. மருந்து இன்றுவரை இல்லை. இந்த வரலாற்றைத் தமிழில் பேசியவர்கள் மிகக் குறைவு. சந்தன மரம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது 2004ஆம் ஆண்டு அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்ட வீரப்பனின் பெயர்தான். வீரப்பன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, கோடரியோ துப்பாக்கியோ இல்லாமல், இலட்சக்கணக்கான சந்தன மரங்களை வீழ்த்திய கண்ணுக்குத் தெரியாத பகைவனைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகிறோம். தமிழ் படித்தவர்களுக்குக் காட்டு மரங்களின் நோயில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். சங்கப் பாடல்களில் ஆரம் என்றும் சாந்தம் என்றும் மணக்க மணக்கப் பேசப்படும் மரம் இது. அதன் நலத்தை விசாரிக்க நமக்கும் உரிமையுண்டு எனக் கொள்வோமாக.

முதலில் மரத்தின் இயல்பைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் நோயின் கதை விளங்காது. குறிஞ்சித் திணைப் பாடல்களில் மலைவாழ் குறவர்கள் சந்தனத்தை வெட்டிச் சுட்டுத் தினை விதைப்பார்கள். அத்தனை தாராளமாக அம்மரம் வளர்ந்திருந்தது போலும்! தனித்து நின்று வளர்வது போலத் தோன்றினாலும் சந்தனம் தன் காலில் நிற்கும் மரமன்று. மண்ணுக்கடியில் அதன் வேர்கள் பக்கத்திலுள்ள செடிகொடிகளின் வேர்களைத் தேடிச் சென்று உறிஞ்சு உறுப்புகளால் பற்றிக்கொள்கின்றன. நீரிலும் உப்புகளிலும் ஒரு பங்கை அயலாரிடமிருந்தே பெறுகின்றன. ஆனால் இலைகள் பச்சையாக இருப்பதால் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. ஆகவே இது அரை ஒட்டுண்ணி. நாற்றங்காலில் சந்தனக் கன்று வளர்ப்பவர்கள் ஒரே பையில் துவரைச் செடியையும் சேர்த்து வளர்ப்பது இதனால்தான். இந்த வேர் உறவை நுணுகி ஆராய்ந்து 1906, 1907 ஆண்டுகளில் விரிவாக எழுதியவர் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த சி. ஏ. பார்பர். பின்னாளில் கோவையில் கரும்பு இன ஆய்வுக்கு அடித்தளமிட்டவரும் இதே பார்பர்தான். அவரைச் சந்தனத்தின் பக்கம் இழுத்து வந்ததில் நாம் பேசப் புகும் நோய்க்கும் பங்குண்டு.

1899ஆம் ஆண்டு. குடகின் பிரேசர்பேட்டைப் பகுதியில் (இன்றைய குசால்நகர்) மெக்கார்த்தி என்ற காட்டதிகாரி சில சந்தன மரங்களில் ஒரு விபரீதத்தைக் கண்டு அறிக்கை எழுதினார். இலைகள் வரவரச் சிறுத்துப்போயின. கணுக்களுக்கு இடையிலான தூரம் குறுகி, ஊசிபோல் மெலிந்த இலைகள் கிளையெங்கும் நெருக்கமாக விறைத்து நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் கிளையே ஒரு முட்கதிர் போலத் தோன்றும். அதனால்தான் ஆங்கிலேயர் இதற்கு ‘ஸ்பைக்’ நோய் என்று பெயரிட்டனர். தமிழ்க் காட்டதிகாரிகளும் அப்பெயரையே கையாள்வதால் நாமும் அதையே வைத்துக்கொள்வோம். நோயுற்ற மரம் பூப்பதில்லை, காய்ப்பதுமில்லை. மண்ணுக்கடியில் உறிஞ்சு உறுப்புகள் ஒவ்வொன்றாக மடிகின்றன. இலையில் சமைத்த மாவுப்பொருள் கீழே இறங்க வழியின்றி மேலேயே தேங்கிவிடுகிறது. சுருங்கச் சொன்னால், மேலே உணவு குவிந்து கிடக்க வேர் பட்டினியால் சாகிறது. அறிகுறி தெரிந்த மரம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் பட்டுப்போகும். சந்தனத்தில் மணமுள்ள வைரம் விளையவே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நல்ல விளைச்சலுக்கு இருபது முப்பது ஆண்டுகள் வேண்டும். இளமரங்களையும் விட்டுவைக்காத இந்நோய் எத்தனை பெரிய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. பார்பரும், இந்தியாவில் பயிர்நோய் இயலுக்கு வித்திட்ட ஈ. ஜே. பட்லரும் அடுத்தடுத்து அனுப்பப்பட்டனர். இருவர் அறிக்கைகளும் 1903இல் ‘இந்தியன் ஃபாரெஸ்டர்’ இதழில் வெளிவந்தன. பட்லர் பூஞ்சை இயலில் கரைகண்டவர். நோய் என்றால் பூஞ்சை என்றே உலகம் எண்ணிய காலம் அது. ஆனால் நோயுற்ற சந்தனத்தின் இலை, தண்டு, வேர் எதிலும் குற்றவாளி எனக் கைநீட்டத்தக்க பூஞ்சை எதுவும் சிக்கவில்லை. நுண்ணோக்கிக்கு எட்டிய எல்லைக்குள் எதிரியே இல்லை!

இங்கே கடல்கடந்து ஒரு பார்வை பார்த்து வருவது பயனுடையது. 1904இல் நியூயார்க் நகரத்து விலங்குக் காட்சிச் சாலையில் செஸ்ட்நட் மரங்கள் பட்டுப்போவதைக் கண்டனர். இரண்டே ஆண்டுகளில் அதற்குக் காரணமான பூஞ்சையைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டனர். ஆயினும் என்ன பயன்? அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் முந்நூறு கோடிக்கு மேற்பட்ட மரங்கள் மடிந்து, கிழக்கு அமெரிக்கக் காடுகளின் முகமே மாறிப்போயிற்று. அங்கே எதிரி யாரென்று தெரிந்தும் தோற்றார்கள். இங்கே எதிரி யாரென்றே தெரியாமல் போர் தொடுத்தார்கள்.

தெரியாத இடத்தில் ஊகங்கள் முளைப்பது இயல்பு. காட்டுத் தீதான் காரணம் என்றனர் சிலர். வறட்சி என்றனர் வேறு சிலர். தென்னமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்து காடெங்கும் பரவிய உண்ணிச்செடியின்மீது பழி போட்டவர்களும் உண்டு. டேராடூனில் காட்டுத் தாவரவியலாளராக இருந்த ஆர். எஸ். ஹோல், 1917, 1918 ஆண்டுகளில், மரத்துக்குள் சாறோட்டம் சமநிலை இழப்பதே நோய் என்று வாதிட்டார். அதாவது வெளியிலிருந்து வந்த எதிரியே இல்லை, உடம்பின் உள்நிலை கெட்டுவிட்டது என்பது அவர் கட்சி. சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு இது வாத பித்த கபக் கணக்குப் போலத் தோன்றலாம். இக்கொள்கைகளையெல்லாம் இன்று எள்ளி நகையாடுவது எளிது. நாம் அப்படிச் செய்யத் துணியமாட்டோம். தீயும் வறட்சியும் அவர்கள் கண்முன்னே இருந்தன. கண்ணில் பட்டதை வைத்துத்தானே மனிதன் காரணம் சொல்ல முடியும்?

இவ்விருட்டில் சரியான திசையில் நடந்தவர் லெஸ்லி கோல்மன் என்ற கனடா நாட்டவர். மைசூர் அரசின் வேளாண் துறையில் பூஞ்சை இயலாளராகவும் பூச்சியியலாளராகவும் வந்து, பின்னர் அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களை அழித்த கொளெரோகத்திற்குப் போர்டோக் கலவை தெளிக்கும் வழியைப் பரப்பியவரும் இவரே. கோல்மன் செய்த சோதனை மிக எளிமையானது. நோயுற்ற மரத்தின் குச்சியை நலமான கன்றில் ஒட்டுக்கட்டினார். சில மாதங்களில் நலமான கன்றும் முட்கதிர் போல விறைத்தது. ஆக, நோய் தொற்றுகிறது. தீயும் வறட்சியும் ஒட்டுக்கட்டினால் பரவுமா? 1917இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், நுண்ணோக்கிக்குப் புலப்படாத ஒரு தொற்றுப் பொருளே, அக்கால வழக்கில் சொன்னால் வைரஸே, இதற்குக் காரணமாகலாம் என்று எழுதினார். சூரைமுள், விராலி போன்ற வேறு சில செடிகளிலும் இதே போன்ற சிற்றிலை அறிகுறிகள் தென்படுவதும் இக்காலத்தில் கவனத்துக்கு வந்தது. அவர் சொன்னது முழுவதும் சரியன்று எனப் பின்னாளில் தெரியவந்தது. ஆனால் தொற்று என்ற அடிப்படையை நிறுவியது அவர் கையால்தான்.

இதற்குள் காட்டில் நடந்ததை எண்களில் பார்ப்போம். 1903க்கும் 1916க்கும் இடையில் குடகு, மைசூர்ப் பகுதிகளில் அகற்றப்பட்ட மரங்கள் பத்து இலட்சத்துக்கு மேல்! 1917க்கும் 1925க்கும் இடையில் நம் சேலம் மாவட்டத்தில் மட்டும் அகற்றப்பட்டவை 98,734. நோய்க்குத் தீர்வு சொல்வோர்க்கு ரூ. 10,000 பரிசு என்று மைசூர் அரசு 1907இலேயே அறிவித்திருந்தது. அன்றைய பத்தாயிரம் எத்தகைய பெருந்தொகை என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும். பரிசு அறிவித்ததற்கு அப்பால் அரசுகளுக்குத் தெரிந்த ஒரே சிகிச்சை கோடரிதான். நோயுற்றதை வெட்டு, வேரோடு பிடுங்கு. காட்டில் ஒவ்வொரு மரமாகத் தேடி அடையாளமிட்டு அகற்றும் வேலைக்கு எத்தனை கூலியாட்கள், எத்தனை கங்காணிகள் உழைத்திருப்பார்கள்! அவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரால் ஜெர்மனிக்குச் சந்தனக் கட்டை ஏற்றுமதி தடைப்பட்டதால், 1916இல் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கப்பட்டது. பத்து இலட்சம் மரங்கள் காட்டிலிருந்து மறைந்த அதே காலத்தில்தான் மைசூர்ச் சந்தனத்தின் புகழ்பெற்ற தொழில் பிறந்தது. வரலாற்றுக்கு இத்தகைய முரண்கள் சலிப்பதேயில்லை.

இங்கே சட்டத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் கட்டுரையின் மையக் கருத்தே அதில்தான் இருக்கிறது. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். (‘அரச மரம்’ என்று எழுதக் கை வந்தது; வாசகர்கள் போதி மரத்தை நினைத்துவிடுவார்கள் என்பதால் தவிர்த்தோம்!) திப்புவுக்குப் பின் வந்த உடையார் அரசும் அதற்குப் பின் வந்த ஆட்சிகளும் அவ்விதியைக் கைவிடவில்லை. மைசூர் நாட்டில் ஒருவருடைய சொந்த நிலத்தில் சந்தனம் முளைத்தாலும் அது அரசுடைமை. மரம் களவு போனாலோ சேதப்பட்டாலோ நிலத்துக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். ஊர்க்காரனின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். வரப்போரத்தில் பறவை எச்சத்தால் ஒரு சந்தனக் கன்று முளைக்கிறது. வளர்த்தால் வருமானம் இல்லை, வம்பு மட்டும் உண்டு. அவன் என்ன செய்வான்? அதிகாரி கண்ணில் படுமுன் பிடுங்கி எறிவதுதான் புத்திசாலித்தனம். அத்தகையவன், இலை சிறுத்த ஒரு மரத்தைக் கண்டால் ஓடிப்போய் வனச்சரகரிடம் சொல்வானா?

நோய் பரவியதற்குச் சட்டமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அது உண்மையுமன்று. ஆனால் ஒரு தொற்றுநோயைத் தடுக்க முதலில் வேண்டியது, அதைத் தொடக்கத்திலேயே பார்க்கும் கண்கள். காட்டோரத்தில் மாடு மேய்ப்பவன், சுள்ளி பொறுக்குபவள், கொல்லை காப்பவன் ஆகியோரின் கண்களே காட்டின் முதற்காவல். சந்தனத்தைப் பொறுத்தவரை அக்கண்களை இருநூறு ஆண்டுக்காலச் சட்டம் வேறுபக்கம் திருப்பிவிட்டது என்பது நம் துணிபு. மாற்றுக் கருத்துடையோர் மறுத்துரைக்கலாம்.

மீண்டும் ஆய்வுக்கு வருவோம். நோய் எந்த அரசின் எல்லையையும் மதிக்கவில்லை. ஆகவே சென்னை, மைசூர், குடகு ஆகிய மூன்று அரசுகளும் சேர்ந்து பொருளுதவி செய்ய, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் கூட்டாய்வு தொடங்கியது. அரசியல் எல்லைக்கும் மலைத்தொடருக்கும் தொடர்பில்லை என்பது பள்ளிப்பட்டுக்காரர்களுக்குப் புதிதன்று. இவ்வூரே வடஆர்க்காட்டிலும், 1911 முதல் சித்தூர் மாவட்டத்திலும், ஆந்திரம் பிரிந்தபின் அம்மாநிலத்திலும் இருந்து, வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் திருத்தணியோடு தமிழகத்துக்குத் திரும்பியது. அக்கூட்டாய்வின் கட்டுரைகள் 1928 முதல் நிறுவனத்தின் ஆய்விதழில் தொடராக வெளிவந்தன. எம். ஸ்ரீனிவாசய்யா, ஏ. வி. வரதராஜ ஐயங்கார் என்ற இரு பெயர்களை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஐயங்கார் நோயுற்ற இலைக்கும் நலமான இலைக்கும் உள்ள வேதியியல் வேறுபாட்டை அளந்தார். ஸ்ரீனிவாசய்யாவின் பணி இன்னும் நுட்பமானது. நோயுற்ற திசுவைத் தொற்றவைக்கும் முறைகளைச் செம்மைப்படுத்தினார். சந்தனம் எந்தச் செடியின் வேரைப் பற்றி வளர்கிறது என்பதைப் பொறுத்து நோய் தலைகாட்டும் காலம் மாறுகிறது என்பதும் இவ்வாய்வுகளில் தெரியவந்தது. 1930இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய குறிப்பு, நோய் ‘மறைந்திருத்தல்’ பற்றியது. வெளிக்கு நலமாகத் தோன்றும் மரத்துக்குள்ளும் நோய் ஒளிந்திருக்கக்கூடும்! கண்ணுக்குத் தெரிந்த மரங்களை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது எத்தகைய செய்தியாக இருந்திருக்கும்?

தொற்றுகிறது, சரி. காட்டில் ஒட்டுக்கட்டி வைப்பவர் யார்? ஐயம் பூச்சிகளின்மேல் விழுந்தது. டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த என். சி. சாட்டர்ஜி முதலியோர் சந்தன மரத்தில் வாழும் பூச்சிகளை ஒன்றுவிடாமல் பிடித்துப் பட்டியலிட்டனர். வடசேலத்து அய்யூரும் ஜவளகிரியும், குடகுப் பிரேசர்பேட்டையும் அவர்களுடைய களங்கள். நம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரான அய்யூரின் பெயர் உலக அருங்காட்சியகங்களின் பூச்சிச் சீட்டுகளில் ஏறியது இவ்வாறுதான். இப்பணியில் ஈடுபட்டவர்களுள் செட்ரிக் டோவர் என்பவரை இலக்கிய நண்பர்கள் கவனிக்க வேண்டும். கல்கத்தாவில் பிறந்த யுரேசியர். சந்தன மரத்துப் பூச்சிகளைப் பற்றி எழுதிய அதே கை, 1937இல் இனக்கலப்புப் பற்றிய ‘ஹாஃப் காஸ்ட்’ என்ற நூலையும், 1960இல் அமெரிக்கக் கறுப்பர் கலை பற்றிய நூலையும் எழுதியது. பூச்சிகளை இனம்பிரிக்கக் கற்றவர் மனிதரை இனம்பிரிப்பதை எதிர்த்து எழுதினார்!

சோதனை முறை பொறுமையைச் சோதிப்பது. நோயுற்ற மரத்தின் சாற்றைக் குடித்த பூச்சிகளைப் பிடித்து, வலைக்கூண்டுக்குள் வைத்த நலமான கன்றுகளின்மேல் விட்டு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான பூச்சிகள் குற்றமற்றவை என விடுதலையாயின. இறுதியில் 1941இல் எஸ். ரங்கசாமி, ஏ. எல். கிரிஃபித் இருவரும், ‘ஜாஸஸ் இண்டிகஸ்’ என்ற தத்துப்பூச்சி நோயைக் கடத்துவதாக ‘இந்தியன் ஃபாரெஸ்டர்’ இதழில் எழுதினர். இலையிலோ கிளையிலோ அமர்ந்து, ஊசிபோன்ற வாயால் சாறு உறிஞ்சி, ஆள் அரவம் கேட்டால் தத்திப் பாயும் சிறு பூச்சி. பின்னாளில் வேறு தத்துப்பூச்சிகளும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டன. நெற்பயிரின் பச்சைத் தத்துப்பூச்சியும் அவற்றுள் ஒன்று. தொல்காப்பியர் மரபியலில் மரத்துக்கு ஓர் அறிவும், சிதலுக்கும் எறும்புக்கும் மூன்று அறிவும் வகுத்தார் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். ஓரறிவுயிரின் சாற்றுக்குழாயிலிருந்து இன்னொன்றின் சாற்றுக்குழாய்க்கு, அறிவே கணக்கிட இயலாத ஓர் உயிரைத் தூக்கிச் சென்றுகொண்டிருந்தது இச்சிறு பூச்சி. அந்த மூன்றாவது உயிர் எது?

விடை ஜப்பானிலிருந்து வந்தது. 1967இல் அங்கே முசுக்கொட்டைச் செடியின் குட்டை நோயை ஆராய்ந்தவர்கள், எலக்ட்ரான் நுண்ணோக்கியில், அதுவரை வைரஸால் வருவது என்று நம்பப்பட்ட அந்நோயில் வைரஸே இல்லை, செல்சுவரற்ற மிகச் சிறிய பாக்டீரியா போன்ற உருவங்கள்தாம் இருக்கின்றன என்று கண்டனர். விலங்குகளில் நோய் உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மாவை அவை ஒத்திருந்தன. உலகெங்கும் பழைய ‘வைரஸ்’ நோய்களின் கோப்புகள் மறுபடி திறக்கப்பட்டன. 1969இல், ஒரே ஆண்டில், மூன்று குழுக்கள் சந்தனத்தின் ஸ்பைக் நோயிலும் இதே உருவங்களைக் கண்டறிந்தன. நெதர்லாந்தில் டைக்ஸ்ட்ராவும் ஈயும், இங்கிலாந்தில் ஹல், ஹார்ன், நாயர் மூவரும், தில்லியில் வர்மா, ராய்சௌதுரி முதலியோரும். மெக்கார்த்தி அறிக்கை எழுதி எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. சாறு செல்லும் சல்லடைக் குழாய்களுக்குள் மட்டுமே வாழ்வது, ஆய்வகத் தட்டில் வளர மறுப்பது, சாதாரண நுண்ணோக்கிக்கு அகப்படாதது. பட்லரின் கண்ணுக்கு அது தெரியாமற்போனதில் அவர் குற்றம் ஏதுமில்லை. பின்னாளில் இவ்வுயிர்களுக்குப் பைட்டோபிளாஸ்மா என்று பெயர் வந்தது.

தில்லிக் குழுவின் கட்டுரையில் நம் விவசாயிகளுக்கு மிக நெருக்கமான ஒரு செய்தி உண்டு. சந்தனத்தோடு சேர்த்து அவர்கள் ஆராய்ந்த இன்னொரு நோய், கத்தரியின் சிற்றிலை நோய். 1939இல் கோவையிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது அது. செடி புதர்போலச் சிறு இலைகளாகத் தழைத்து, காயே பிடிக்காமல் நிற்கும். கத்தரி பயிரிடும் எவரும் பார்த்திருப்பார்கள். எள் பூவெல்லாம் இலையாக மாறிப்போகும் நோயும் இக்குடும்பமே. கேரளத்துத் தென்னையின் வேர்வாடலும் அவ்வாறே. காட்டிலிருக்கும் விலைமதிப்பற்ற மரத்தையும் கொல்லைக் கத்தரியையும் பிடித்தவை ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் இரண்டும் வெவ்வேறு பிரிவைச் சேர்ந்தவை என்று பிரித்துக் காட்டின. சந்தனத்தினுடையது ‘ஆஸ்டர் மஞ்சள்’ என்ற பிரிவில் அடங்கியது.

காரணம் தெரிந்ததும் மருந்தும் கைக்கு வந்ததாகவே தோன்றியது. பாக்டீரியா இனம் என்றால் டெட்ராசைக்ளின் கேட்கும் அல்லவா? 1970களின் தொடக்கத்தில் நோயுற்ற மரங்களின் தண்டில் துளையிட்டு அம்மருந்தைச் செலுத்தினர். வியப்பு! சிறுத்த இலைகளுக்கிடையே மீண்டும் அகன்ற, பசிய இலைகள் துளிர்த்தன. சில மாதங்கள் சென்றதும் பழைய முட்கதிர் திரும்பிவிட்டது. மருந்து நோயை அமுக்கிவைத்ததே ஒழிய அழிக்கவில்லை. காட்டில் மரத்துக்கு மரம் சென்று ஊசிபோடுவது நடக்கிற காரியமா என்ற கேள்வி வேறு.

அதன்பின் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1930களிலிருந்து 1950கள் வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 டன் வைரக்கட்டை தந்த இந்தியா, இந்நூற்றாண்டில் சில நூறு டன்களுக்கு இறங்கியது. களவும் நோயும் இதில் கூட்டாளிகள். 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டது. கேரளத்து மறையூர்க் காப்புக்காட்டிலும் நோய் நுழைந்தது. 2020 மார்ச்சில் பெங்களூர் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும், நறுமண மூலிகைத் தாவரங்களுக்கான நடுவண் நிறுவனமும் சேர்ந்து ஒரு மூன்றாண்டு ஆய்வைத் தொடங்கின. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் கேள்வி பழையதுதான்: எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுப்பது?

சட்டமும் நெடுங்காலம் கழித்து இறங்கி வந்தது. கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும், பட்டா நிலத்துச் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே உரியது என்று ஏற்றுக்கொண்டன. திப்பு காலத்து விதி இருநூற்றுப் பத்து ஆண்டுகளுக்குப் பின் தளர்ந்தது. அதன் பின்னரே உழவர்கள் மா, நெல்லிக்கு இடையே சந்தனம் நடத் தொடங்கினர். ஆந்திர எல்லையை ஒட்டிய நம் பகுதி போன்ற மேட்டு நிலங்களுக்கு ஏற்ற மரம் என்பதில் ஐயமில்லை. நாற்றுகள் மாநிலம் விட்டு மாநிலம் பயணிக்கின்றன. அவற்றை நோய்ச்சோதனை செய்தபின்பே விற்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வற்புறுத்தி வருகிறார்கள். வாங்கும்போது விலையையும் உயரத்தையும் கேட்கும் நாம், தாய்மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம். இலை சிறுத்து, மஞ்சளோடி, கிளையில் விறைத்து நிற்கும் கன்று எனில் வேண்டாம்.

நட்டு வளர்த்த மரத்திலேயே அவ்வறிகுறி தோன்றிவிட்டால்? உடனே வேரோடு அகற்றுவதே பக்கத்து மரங்களைக் காக்கும் வழி என்பதில் கோல்மன் காலம் முதல் இன்றுவரை பெரிய கருத்து வேறுபாடில்லை. ஆனால் பட்டா நிலத்துச் சந்தனத்தை வெட்ட, அது தன் மரமே ஆனாலும், உழவர் வனத்துறைக்கு விண்ணப்பித்து, அலுவலர் வந்து பார்வையிட்டு, அனுமதி கிடைத்த பின்னரே வெட்டலாம் என்பது இன்றைய விதி. தத்துப்பூச்சிக்கு அனுமதி தேவையில்லை. நோயுற்ற மரங்களைக் கையாள்வதில் மட்டுமேனும் இவ்விதியைத் தளர்த்த வேண்டும் என்ற கோரிக்கை ஆய்வாளர்களிடமிருந்தே எழுந்துள்ளது.